தெளிந்த நீரும் தூய நீரும்

காஞ்சி மாநகருக்கு அருகே, சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், கூரம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. வைணவ அன்பர்கள் இதனைக் கூரத்தாழ்வார் பிறந்த தலம் என்று போற்றுவர். வரலாறு பயிலும் மாணவர்களோ வேறொரு காரணம் பற்றி இவ்வூரை நினைவில் வைத்திருக்கின்றனர். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன், கி.பி. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு அளித்த அறக்கொடையைக் கூறும் செப்பேடுகள் இங்கேதான் கிடைத்தன.

அச்செப்பேடுகளில் பாலாற்றிலிருந்து வெட்டப்பெற்ற பெரும்பிடுகு என்னும் கால்வாயைப் பற்றியும், பரமேசுவர தடாகம் என்னும் ஏரியைப் பற்றியும் செய்தி உண்டு. ஆயினும் என் கண்ணில் நிலைத்து நின்றது வேறொரு சிறு குறிப்பாகும். கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்படுகின்றது. அதே மண்டபத்தின் தண்ணீருக்கும் நெருப்புக்குமென இன்னொரு பங்கு ஒதுக்கப்படுகின்றது. கதை சொல்பவருக்கு ஒரு பங்கு, தண்ணீர் வைப்பவருக்கு ஒரு பங்கு! பலர் கூடும் இடத்தில் வைக்கப்படும் தண்ணீர் எவரோ ஒருவருடைய பொறுப்பாயிருத்தல் வேண்டும், அந்தப் பொறுப்புக்கு ஊதியமும் இருத்தல் வேண்டும் என்பதை 1,300 ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் எழுதி வைத்திருக்கின்றனர்.

இன்று அந்தப் பங்கு யாருடையது? கூரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் மட்டுமன்று, தமிழகத்தின் ஊராட்சிகள் பெரும்பாலானவற்றிலும் ஓர் ஆழ்துளைக் கிணறும், ஒரு மின்மோட்டாரும், ஓங்கி நிற்கும் ஒரு மேல்நிலைத் தொட்டியும் உண்டு. அத்தொட்டிக்கு ஒரு பம்பு ஆபரேட்டர் உண்டு. காலையில் மோட்டாரைப் போடுபவர் அவர். வால்வைத் திறந்து தெருத்தெருவாகத் தண்ணீர் விடுபவர் அவர். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்ற வேண்டியவரும் அவரே. ஓர் ஊரின் கைக்குழந்தை முதல் கிழவர் வரை அனைவருடைய குடலும் இந்த ஒருவருடைய கையில் இருக்கின்றது என்று சொன்னால் மிகையாகாது. அவருடைய சம்பளத்தைக் கேட்டால் வாசகர்கள் வெட்கமடைவர். ஆகவே அதை விட்டுவிடுகின்றேன்.

தேற்றாங்கொட்டை கற்றுத்தந்த பாடம்

எங்கள் வீட்டில் மழைக்காலத்துக் கலங்கல் நீர் வந்தால், என் பாட்டி ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்து, மண்பானையின் உட்புறத்தில் நாலு இழுப்பு இழைப்பார். சற்று நேரத்திற்கெல்லாம் கலங்கல் அடியில் படிந்து, மேலே நீர் கண்ணாடிபோல் நிற்கும். சிறுவனாகிய எனக்கு அது ஒரு மாயவித்தையாகத் தோன்றியது. அது மாயமன்று. நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் தன்மையுடையன. அதனால் அவை எத்தனை நாளாயினும் படியாமல் மிதந்துகொண்டேயிருக்கும். தேற்றாங்கொட்டையின் சாறு அத்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கின்றது. ஒட்டித் திரண்டவை கனம் தாங்காமல் கீழே இறங்குகின்றன. நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்களில் படிக்காரம் செய்வதும் இதே வேலைதான்.

ஆனால், அவ்வாறு தெளிந்த நீர் தூய நீராகிவிட்டதா? பாட்டி ஆகிவிட்டது என்றே நம்பினார். கலங்கலோடு கிருமிகளிலும் ஒரு பகுதி கீழே இறங்குவது மெய். எஞ்சியவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை நாவுக்கும் தெரிவதில்லை. தண்ணீரைப் பற்றிய துன்பங்களுள் பெரும்பாலானவை இந்த ஒரு மயக்கத்திலிருந்தே பிறந்தவை.

இதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் இலண்டன் நகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி திடீரென்று பரவி, சில வாரங்களில் 600 பேருக்கு மேல் மாண்டனர். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளை ஆராய்ந்து, அவர்களுள் பெரும்பாலோர் பிராடு தெருவிலிருந்த ஓர் அடிகுழாயின் நீரைப் பருகியவர்கள் என்று கண்டார். அவர் வற்புறுத்தியதன் பேரில் செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இந்தக் கதையைப் பலரும் அறிவர். ஆனால், அந்தக் குழாயின் நீர் அப்பகுதியில் ருசிக்கும் தெளிவுக்கும் பெயர் பெற்றிருந்தது என்பதைப் பலர் அறியார். அவ்விடத்தை விட்டு ஹாம்ஸ்டெட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு கைம்பெண், பழகிய ருசியை மறக்கமாட்டாமல், அந்த நீரை நாள்தோறும் வண்டியில் வரவழைத்துப் பருகி வந்தார். அவரும் வாந்திபேதி கண்டு இறந்தார். அவர் வாழ்ந்த பகுதியில் வேறு எவருக்கும் அந்நோய் இல்லை.

பங்குக் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொருவரும் இக்கதையில் உண்டு. அவர் ஹென்றி வைட்ஹெட் என்ற ஆங்கிலிக்கன் திருச்சபையின் இளங்குரு. ஸ்நோவின் கூற்றை அவர் முதலில் நம்பவில்லை. அது தவறென்று நிரூபிக்கவே புறப்பட்டார். தம் பங்கின் மக்களை வீடு வீடாகச் சென்று ஏற்கெனவே அறிந்திருந்தவராதலின், மருத்துவருக்குக் கிட்டாத விடைகள் அவருக்குக் கிட்டின. இறுதியில், குழாயை ஒட்டியிருந்த 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை எல்லோருக்கும் முன்பே நோயுற்றிருந்ததையும், அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் கழிவுக்குழியில் ஊற்றியதையும் கண்டுபிடித்தவர் அவரே. தோண்டிப் பார்த்தபோது, அக்குழி கிணற்றிலிருந்து ஒரு மீட்டர் தூரங்கூட இல்லாமல், அதன் செங்கற்கள் சிதைந்து கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. மறுக்கச் சென்றவர் உறுதிசெய்து திரும்பினார். வீடு சந்திப்பு என்னும் பழைய பங்குப்பணி இவ்வளவு பெரிய உண்மையைத் தந்ததை எண்ணி வியக்கின்றேன்.

ஆற்று மணல் என்னும் வடிகட்டி

நீரைத் தூய்மையாக்கும் முறைகளுள் மிகப் பழையது மணல். சென்னை நகருக்கு 1872 முதல் செங்குன்றம் ஏரியின் நீர் கொண்டுவரப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. நீர் மணலின் வழியே மெல்ல மெல்ல இறங்கும்போது, மேற்பரப்பில் சில நாட்களில் வழவழப்பான ஒரு படலம் உண்டாகின்றது. பார்க்க அருவருப்பானதுதான், ஆயினும் கிருமிகளைப் பிடித்துத் தின்னும் உயிர்கள் குடியிருப்பது அந்தப் படலத்தில்தான். மணலும் படலமும் சேர்ந்து இரவு பகலாக உழைக்கின்றன.

காஞ்சிபுரம் நகருக்கு இயற்கையே இத்தகைய வடிகட்டி ஒன்றை அமைத்துத் தந்தது. அதுதான் பாலாறு. ஆண்டில் பெரும்பகுதி இந்த ஆற்றில் மேலே நீர் ஓடுவதில்லை. கீழே, மணலுக்குள், ஊறி நகர்கின்றது. ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் ஆற்றுப் படுகையிலிருந்து எடுக்கப்பட்ட நீரே நகரின் குழாய்களில் வந்தது. ஆகவே பாலாற்றில் ஒரு லாரி மணல் அள்ளப்படும்போது, நாம் இழப்பது வீடு கட்டும் பொருளை மட்டுமன்று. நீரைத் தேக்கும் தொட்டியையும், வடிகட்டும் கருவியையும் சேர்த்தே இழக்கின்றோம்.

பட்டுத் தொழிலோர் இந்த நீரின் அருமையை நன்கு அறிந்தவர்கள். பாலாற்று நீரில் நனைந்த பட்டுக்கே தனிப் பளபளப்பு உண்டென்பது காஞ்சி நெசவாளர் பரம்பரையாகச் சொல்லிவரும் பேச்சு. அதில் ஊர்ப்பெருமை கொஞ்சம் கலந்திருக்கலாம். எனினும் அடிப்படை இல்லாத பேச்சன்று. கச்சாப் பட்டின்மேல் இயற்கையான பசை ஒன்று உண்டு. சவுக்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டு அப்பசையை நீக்கிய பின்பே நூலுக்குச் சாயம் ஏற்றுவர். நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் சவுக்காரம் நுரைக்காது. திரிதிரியாகத் திரண்டு நூலில் ஒட்டிக்கொள்ளும். சாயம் ஒருபுறம் அடர்ந்தும் ஒருபுறம் வெளிறியும் நிற்கும். நல்ல சாயக்காரர் புதிய கிணற்று நீரைக் கையில் அள்ளிச் சவுக்காரம் தேய்த்துப் பார்த்தே வேலை தொடங்குவார். நூலுக்கு நீர் ஏற்றதா என்று சோதிக்கும் வழக்கம் காஞ்சியில் இவ்வளவு பழையது. நாம் பருகும் நீரை மட்டும் சோதித்துப் பார்க்காமல் வாயில் ஊற்றிக்கொள்கின்றோம்! அதே சாயத்தொட்டியின் கழிவு பின்னர் எங்கே போய் மண்ணில் இறங்குகின்றது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

நாலு கிராம் கணக்கு

மணலைத் தப்பி வரும் கிருமிகளுக்கும், தொட்டியிலும் குழாயிலும் புதிதாகச் சேரும் கிருமிகளுக்கும் குளோரின்தான் காவல். பெல்ஜியம் நாட்டின் மிடில்கெர்க் என்ற ஊரில் 1902இலும், அமெரிக்காவின் ஜெர்ஸி நகரில் 1908இலும் பொதுக் குடிநீரில் இதனைத் தொடர்ந்து கலக்கத் தொடங்கினர். டைபாய்டு காய்ச்சலும் வாந்திபேதியும் மேல்நாட்டு நகரங்களை விட்டு ஓடியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

நம் ஊராட்சித் தொட்டிகளில் குளோரின் பிளீச்சிங் பவுடராகச் சேர்கின்றது. கணக்கு எளிது, இல்லத்தரசிகளும் மாணவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1,000 லிட்டர் நீருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டியாயின் 120 கிராம். புதிய பவுடரில் நூற்றுக்கு ஏறக்குறைய 33 பங்கு வேலை செய்யும் குளோரின் இருக்கும். சாக்கைத் திறந்து வைத்திருந்தால் அது நாளுக்கு நாள் பறந்து குறையும். நூற்றுக்கு 25 பங்கே எஞ்சியிருக்கின்றது என்று வைத்துக்கொண்டால், 4 கிராம் பவுடர் 1 கிராம் குளோரினைத் தரும். 1,000 லிட்டரில் 1 கிராம் என்பது லிட்டருக்கு 1 மில்லிகிராம். நீரிலுள்ள அழுக்கு அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அரை மணி நேரம் கழிந்த பின் எஞ்சுவது எவ்வளவு என்பதுதான் முக்கியம். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் குடிநீர்த் தரவரையறை (முதலில் 1983இல் வெளிவந்து, 1991இலும் 2012இலும் திருத்தப்பெற்றது) லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்கின்றது. வைரஸ் கிருமிகளுக்கு அஞ்ச வேண்டிய காலத்தில் அது 0.5 ஆகின்றது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டுதல் கூடாது. வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின், மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் தொட்டியில் ஊற்றல் வேண்டும். ஊற்றிய உடனே வால்வைத் திறந்தால், முதல் தெருவில் வாசனை அடிக்கும். கடைசித் தெருவில் ஒன்றுமிராது. வாசனை அடித்தால் நம் மக்கள் முகம் சுளித்து, ஊராட்சியில் புகார் செய்கின்றனர். ஆபரேட்டர் என்ன செய்வார்? புகார் வராதபடி பவுடரைக் குறைத்துவிடுகின்றார். நாம் கேட்டதையே அவர் செய்கின்றார்! அந்த மெல்லிய வாசனை காவற்காரனின் விசிலைப் போன்றது. அது கேட்காத இரவில்தான் அஞ்ச வேண்டும்.

டில்லியும் எங்கள் தெருவும்

குளோரின் கலந்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்றிருப்பதும் தவறு. இதனை நம் நாடு மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் டில்லியில், நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை நீர், வசீராபாத்தில் யமுனையிலிருந்து குடிநீர் எடுக்குமிடத்திற்கே வந்து கலந்துவிட்டது. பொறியாளர்கள் அதனை அறிந்து, படிக்காரத்தையும் குளோரினையும் கூட்டினர். டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆய்வுக்கூடத்தின் பாக்டீரியா சோதனையும் அச்சம் தரவில்லை. ஆனால் சில வாரங்களில், டிசம்பரிலும் 1956 ஜனவரியிலுமாக, சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பாக்டீரியாவைக் கொன்ற அளவு வைரஸைக் கொல்லப் போதவில்லை. கால் நூற்றாண்டு கழிந்து, 1980இல், சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோதுதான் அது அதுவரை அறியப்பட்ட காமாலையன்று, வேறு வகை என்று தெளிவாயிற்று. இன்று அதனை ஹெப்படைடிஸ் ஈ என்கின்றனர். பிறருக்குப் பெரும்பாலும் தானே தணிந்துவிடும் இந்நோய், நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிகளுக்குக் காலனாக வருகின்றது; அவர்களுள் நால்வரில் அல்லது ஐவரில் ஒருவர் இறக்கும் அளவுக்குக் கொடியது என மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

இதை நான் நூலில் படிப்பதற்கு முன்பே அறிந்தேன். நான் இளைஞனாயிருந்தபோது வாழ்ந்த ஊரில், ஒரு மழைக்காலத்தில், எங்கள் தெருவில் மட்டும் பதினைந்து பேருக்குக் காமாலை கண்டது. எதிர்வீட்டு அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. தாய்வீட்டில் பிள்ளைப்பேற்றுக்காக வந்திருந்தவர். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். அக்காவும் திரும்பவில்லை, குழந்தையும் திரும்பவில்லை. அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தெருவைத் தோண்டியபோது, குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே பதிந்து, துருப்பிடித்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டையாகிக் கிடந்ததைப் பார்த்தோம். அக்காவின் தந்தையார் அந்த ஓட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் பேசவில்லை.

குழாயில் நீர் ஓடும்போது ஓட்டையின் வழியே அது வெளியே பீறிடும். அப்பொழுது சாக்கடை உள்ளே புக இயலாது. நீர் நின்றவுடன் குழாய் வெறுமையாகி உள்ளிழுக்கும், சாக்கடை புகுந்துவிடும். நாளுக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் விடும் ஊர்களில், எஞ்சிய 23 மணி நேரமும் இது நிகழக் கூடும். சில வீட்டார் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகின்றனரே, அவர்கள் அண்டை வீட்டாரின் நீரை மட்டும் உறிஞ்சவில்லை. வழியிலுள்ள சாக்கடையையும் சேர்த்தே உறிஞ்சுகின்றனர். அதனால்தான் தொட்டியில் எடுக்கும் மாதிரி மட்டும் போதாது; தெருக்கோடியின் கடைசிக் குழாயில் எடுக்கும் மாதிரியே உண்மையைச் சொல்லும்.

கொதிக்க வைத்தாலும் போகாதவை

கிருமிகளுக்குக் கொதிநீர் போதும். நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் கிருமிகள் மடியும். செம்புக் குடத்தில் நீரை வைக்கும் வழக்கமும் வீணன்று. பெங்களூரில் நடத்தப்பெற்று 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 16 மணி நேரம் செம்புப் பாத்திரத்திலிருந்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் காணாமற்போயின. ஓர் இரவு வைத்தால் மட்டும் அந்தக் கணக்கு நிரம்பாது என்பதையும் கவனிக்க.

ஆனால் உப்பும் நஞ்சும் அடுப்புக்கு அஞ்சமாட்டா. ஃபுளோரைடை எடுத்துக்கொள்வோம். பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், எலும்புகள் இறுகி முதுகு வளைந்த மக்களை ஷார்ட் முதலிய மருத்துவர்கள் ஆராய்ந்து, குடிநீரிலுள்ள ஃபுளோரைடே காரணமென்று 1937இல் வெளியிட்டனர். தரவரையறைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு வழியே இல்லையெனில் 1.5 வரை பொறுக்கலாம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறி நின்றது இதனால்தான். அங்கே கிணற்று நீரைச் சுத்திகரிப்பதைவிட வேறு நீரைக் கொணர்வதே வழி என்று கருதி, ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைக்கப்பட்டு 2013இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஃபுளோரைடு நீரைக் காய்ச்சினால் நீர் ஆவியாகி, நஞ்சு செறிவாகும். நல்லது செய்வதாக எண்ணித் தீங்கு செய்தவர்களாவோம். உரமும் கழிவறைக் குழிகளும் தரும் நைட்ரேட்டும் அத்தகையதே. அதன் எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். மிகுந்தால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிக்கக் கூடும்.

பாலாற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலின் கழிவும் இத்தகையதே. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் கண்ட செய்திகள் நெஞ்சை உறுத்துவன: தோல் தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்; திண்டுக்கல் பக்கத்து 13 ஊர்களில், குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. மாசு செய்தவரே அதற்கு விலை தர வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு நாட்டின் சட்டமாக்கியது. இருப்பினும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. ஆற்றின் வழி கீழே இருப்பது நம் காஞ்சி என்பதை நினைவிற் கொள்க.

கறுத்துப்போகும் புட்டி

பொதுக் குடிநீரைச் சோதிப்பது யார்? 1971இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திற்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடங்கள் உண்டு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் விதிகளின்படி, ஒவ்வொரு குடிநீர் ஆதாரத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை இரசாயனச் சோதனைக்கும், மழைக்கு முன்னும் பின்னுமாக இருமுறை கிருமிச் சோதனைக்கும் உட்படுத்தல் வேண்டும். ஊருக்கு ஐந்து பெண்களைப் பயிற்றுவித்து, சோதனைப் பெட்டி ஒன்றை அவர்கள் கையில் தர வேண்டும் என்பதும் அத்திட்டத்தில் உண்டு. எனக்குப் பிடித்த விதி இதுவே. தண்ணீர் சுமந்த கைகளே தண்ணீரைச் சோதிக்கட்டும்.

பெண்கள் கையிலுள்ள அக்கருவிகளுள் ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது. குவாலியரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த மூவர் 1982இல் வெளியிட்ட முறை அது. சிறு புட்டிக்குள் மருந்தில் தோய்த்த காகிதத்துண்டு இருக்கும். அதில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டால் போதும். மலக்கழிவு கலந்த நீராயின், அதிலுள்ள கிருமிகள் அழுகல் முட்டை நாற்றமுடைய ஒரு வாயுவை உண்டாக்கி, ஓரிரு நாட்களில் நீரை மையென்று கறுக்கச் செய்யும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்த முடிவைப் படித்துவிடலாம். தரவரையறையும் இதில் சலுகை தருவதில்லை: 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி என்னும் மலக்கிருமி ஒன்றுகூட இருத்தல் ஆகாது.

ஆனாலும் விதி ஏட்டிலிருப்பதும் கை தொட்டியைத் தொடுவதும் ஒன்றல்ல. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு நீர் தந்த மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது 2022 டிசம்பர் 26ஆம் நாள் தெரிய வந்தது. அது யார் செய்த பாதகம் என்பது பெரும் வழக்காயிற்று. இங்கே நான் குறிக்க விரும்புவது ஒன்றுதான்: அதனை முதலில் அறிவித்தது எந்த ஆய்வுக்கூடமும் அன்று. குழந்தைகள் நோயுற்று, மருத்துவர்கள் தண்ணீரைப் பாருங்கள் என்று சொன்ன பிறகே தொட்டியின்மேல் ஏறிப் பார்த்தனர். ஊரின் சோதனைக் கருவியாகக் குழந்தைகளின் வயிறு இருந்தது.

கேன் தண்ணீர் வாங்குகின்றோமே, எங்களுக்கென்ன என்பாரும் உளர். அடைத்து விற்கும் குடிநீரையும் மிகு ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, தனிக் கண்காணிப்பு வேண்டுமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் முடிவு செய்தது. மேலும், வசதியுள்ளவர் யாவரும் கேனுக்குப் போய்விட்டால், தெருக்குழாயைப் பற்றிக் கேட்க நாதியிராது. அது கேன் வாங்க இயலாதவரின் குழாயாகிவிடும்.

ஆகவே கேட்போம். ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்று, தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, பரிசோதனை முடிவு எங்கே என்று பணிவாகக் கேட்பதற்கு எவருக்கும் உரிமையுண்டு. தொட்டியின் தூணிலேயே கழுவிய தேதியை எழுதிவைக்கும் ஊர்கள் உண்டு. நம் ஊரிலும் எழுதச் சொல்லலாம். வாரிய ஆய்வுக்கூடத்தில் சிறு கட்டணத்திற்கு நாமே மாதிரி கொடுத்துச் சோதிக்கவும் செய்யலாம். பங்கிலுள்ள இளைஞர் குழுவினர் ஒரு நாள் செலவிட்டால், ஊரின் கடைசிக் குழாய்கள் அனைத்தையும் முடித்துவிடலாம்.

மாதிரி எடுப்பதில் சிறிது கவனம் வேண்டும். கிருமிச் சோதனைக்கான புட்டியை ஆய்வுக்கூடத்திலேயே பெற்றுக்கொள்க. குழாய் உலோகமாயின் அதன் வாயைத் தீயில் வாட்டி, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்ட பின், விரல் படாமல் பிடித்து, மேலே சிறிது இடம் விட்டு மூடுக. ஊர்ப்பெயரும் நேரமும் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்திற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது நலம். புட்டியின் அடியில் வெள்ளையாகச் சிறிது மருந்து இருக்கும். அது சோடியம் தயோசல்பேட். நீரிலுள்ள குளோரினை அடக்குவதற்காக வைத்தது. அது இல்லாவிட்டால், வழிநெடுகக் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே வந்து, கெட்ட நீருக்கும் நற்சான்று வாங்கித் தந்துவிடும். எங்கள் பங்கில் முதன்முறை இப்பணியை மேற்கொண்ட தம்பி ஒருவர், புட்டியில் ஏதோ தூசி இருக்கின்றதென்று நான்கு முறை நன்றாகக் கழுவித் துடைத்து நீர் பிடித்து வந்தார். மறுநாள் இன்னொரு பேருந்து ஏறி, வேறு புட்டி வாங்கி வந்தோம்.